வாசல் நிலைக்கு மேல் ஒரு வசனம்

இத்தனை வருடம் நான் பேசாமல் இருந்தது போதும். எபனேசர் அண்ணன் உயிரோடு இருந்தவரை, பேசினால் பொறாமை என்பார்கள் என்று பேசவில்லை. இப்போது அவர் இல்லை; பேசினால் செத்தவரைப் பற்றிப் பேசுகிறான் என்பார்கள். ஆக, பேசுவதற்கு ஏற்ற காலம் என்று ஒன்று எனக்கு வரப்போவதில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

செய்தி எனக்கு மின்சார ரயிலில் கிடைத்தது. குரோம்பேட்டையில் ஏறிய பழைய சபைக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தார்.

"விஷயம் தெரியுமா? எபி அண்ணன் போயிட்டார்."

"எங்கே?" என்று கேட்டேன்.

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சானடோரியம் தாண்டியபிறகுதான் மறுபடி பேசினார். "ஹார்ட். தூக்கத்துலயே. அடக்கத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

போனேன். கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பேசிய எல்லோரும் அந்த முகாம்களைப் பற்றித்தான் பேசினார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மே மாத விடுமுறையில் நம் சபையின் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளைத் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் அழைத்துப்போய், கோவிலம்பாக்கம் பக்கத்துக் குடிசைகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பது அவருடைய ஊழியம். கூரை மாற்றுவது, சரிந்த சுவரை எழுப்புவது, வெள்ளையடிப்பது. எல்லாம் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். அவர் செயலாளர். எண்பதுகளில் சில வருடங்கள் நான் உதவிச் செயலாளர். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட.

கடைசியாக நமது மாத இதழின் ஆசிரியர் எழுந்தார். அண்ணனுக்கு ஒரு சிறப்பிதழ் வரப்போகிறது என்றார். அவர் ஊழியத்தின் முதற்பலனாக, ஒரு குடிசையிலிருந்து அரசு வேலைக்கு உயர்ந்த ஒரு சகோதரியின் சாட்சியையும் படத்தையும் வெளியிடப்போவதாகவும் சொன்னார். "அல்லேலூயா" என்றது கூட்டம். அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் நம் சபையின் சகோதரி அல்ல. எந்தச் சபையையும் சேர்ந்தவள் அல்ல. அவளை அப்படி அச்சில் போட்டால் அவள் வேலைக்கே ஆபத்து. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவருக்குச் சேரவேண்டியதைச் சேர்த்துவிடுகிறேன். அவரைப் போல வேலை தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் ஓவர்சியர். மற்ற ஓவர்சியர்கள் குடைக்குக் கீழே நிற்பார்கள். இவர் முழங்கால் மண்ணில் நிற்பார். முகாமின் முதல் நாள் காலை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உள்ளங்கையைக் காட்டச் சொல்வார். "காப்பு காய்க்காத கையத் தூக்கி ஜெபம் பண்ணாதீங்கடா" என்பது அவர் வாக்கு. ஒரு டாக்டர் வீட்டுப் பையன், கையுறை கிடைக்குமா அண்ணே என்று கேட்டுவிட்டான்.

"இருக்கே. உங்கப்பா ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கு. போயி வாங்கிட்டு அங்கயே படுத்துக்கோ."

அந்தப் பையன் அன்று சாயங்காலம்வரை மக்கிப்போன கீற்றை இறக்கிக்கொண்டிருந்தான். தலை, புருவம், மூக்கு எல்லாம் கருப்புத் தூசி. கீற்றோடு ஒரு தேள் விழுந்தபோது ஓடாமல் நின்றான். அண்ணன் அவன் தோளில் தட்டி, "இப்ப உங்கப்பாவுக்கே நீ ஊசி போடலாம்டா" என்றார். அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்படி ஆட்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளத் தெரிந்தவர். என்னையும் அப்படித்தான் இழுத்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீடானாலும், வசனம் எழுதினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். வெள்ளையடித்துக் காய்ந்தபின், வாசல் நிலைக்கு மேலே நீல எனாமல் பெயின்டில் 'நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்' என்ற வேத வசனம். அதற்குக் கீழே ஒரு சிலுவை. பிள்ளைகளை எழுத விடமாட்டார். அவரே ஏணியில் ஏறி எழுதுவார். அச்சடித்தது போல இருக்கும் கையெழுத்து. எழுதுமுன் வீட்டாரிடம் அனுமதி கேட்பார். கேட்கும்போது புதுக்கூரை அவர்கள் தலைக்கு மேலே இருக்கும். அந்த நேரத்தில் யார் வேண்டாம் என்பார்கள்?

கங்கம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயரை மாற்றியிருக்கிறேன். கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண், கணவன் இல்லை, ஒரே மகள். அந்த மகளுக்குச் செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்த வருடம் கடைசியாக முடித்த வீடு அவர்களுடையது. அண்ணன் ஏணியின் மேலிருந்து கேட்டார், "எழுதட்டுமாம்மா?"

"எழுதிக்கோ நைனா. சொவரு வெறுசா கீது. பளிச்சுனு இருக்கும்."

செல்வி மட்டும் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கர்த்தர்னா யாரு சார்?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்காமல் பதில் சொன்னார். அழகாகத்தான் சொன்னார்.

அடுத்த வருடம் செல்வி பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். அரசுப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். எந்தப் பயிற்சி என்று எழுதமாட்டேன். எஸ்.சி. ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். நேர்முகத்துக்குப் போகும்போது ஜாதிச் சான்றிதழ் வேண்டும். விசாரிக்கக் கிராம நிர்வாக அதிகாரி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, தாயும் மகளும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். உள்ளே வரவில்லை. கங்கம்மா அண்ணனைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"சாரு, அந்த ஆளு பேஜார் பண்றாரு சாரு. 'இன்னாமா, வேதக்காரங்களா ஆயிட்டீங்களா'ன்றாரு. இல்ல சாமி, சர்ச்சு பசங்க கூரை போட்டுட்டு எழுதிட்டுப் போனாங்கன்னேன். 'வாசல்ல எழுதி வச்சிகினு இல்லன்றியே, வேதத்துல சேந்துட்டா உனக்கு எஸ்.சி. கெடையாது, பி.சி.தான், போ'ன்றாரு. சர்ச்சுல எழுதி வாங்கியான்றாரு, இவங்க எங்க ஆளு இல்லன்னு."

கிறிஸ்தவத்துக்கு மாறினால் எஸ்.சி. சலுகை போய்விடும். இந்தச் சட்டத்தை நம் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மில் பாதிக் குடும்பங்கள் அதை அனுபவித்தவை. ஆனால் இவர்கள் மாறவேயில்லை. வீட்டுக்குள்ளே அம்மன் படம் மாட்டியிருந்தது, விளக்கு எரிந்தது. இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் முடிகிற காரியம்.

அண்ணன் வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார். "ஆண்டவர் வந்த வீட்ட, அவர் வரவே இல்லன்னு நான் எப்படிம்மா எழுதிக் குடுப்பேன்?"

"அப்ப அந்த எழுத்தயாவது அழிச்சிடட்டுமா சாரு?"

"வசனத்த அழிக்கறதா? அத நான் சொல்லமாட்டேன்." கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். பொண்ணு ஞானஸ்நானம் எடுத்துக்கட்டும். மிஷன் ஸ்கூல்ல நான் வேல வாங்கித் தரேன்."

கங்கம்மா மகளைப் பார்த்தாள். செல்விதான் பதில் சொன்னாள். "எனக்கு வேல வேணாம் சார். என் சர்டிபிகேட் வேணும்."

போதகர் ஐயாவிடம் போனேன். "முகாம் விஷயமெல்லாம் எபி பார்த்துக்குவார் தம்பி" என்றார். மறுபடி அண்ணனிடம் வந்தேன். "அண்ணே, அவ வாழ்க்கை" என்றேன். "ஆத்துமாவும்தான்டா" என்றார்.

அடுத்த நாள் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கோவிலம்பாக்கம் போனேன். சுண்ணாம்பு வாங்கிப் போயிருந்தேன். எனாமல் மேல் சுண்ணாம்பு நிற்குமா? இரண்டு தடவை அடித்தும் நீலம் சிரித்துக்கொண்டு நின்றது. சுரண்டத்தான் வேண்டும். கொத்துக் கரணையை எடுத்தேன். கங்கம்மா ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் விழாமல் இருப்பதற்கல்ல, ஏறாமல் இருப்பதற்கு.

"வேணாந் தம்பி. சாமி எழுத்து அது. ஊட்டுக்கு ஆவாது. நாங்களே தொடல."

"நீங்க ஏன் தொடல? உங்க வீடுதானே?"

"எந்தச் சாமியா இருந்தா இன்னா, எழுதுன எழுத்த அழிக்கலாமா? உங்க சாமி கோச்சிக்கும்."

"எங்க சாமி கோச்சுக்காதும்மா. எங்க அண்ணன்தான் கோச்சுக்குவார்."

செல்வி சிரித்துவிட்டாள். தாயின் கையை ஏணியிலிருந்து விலக்கினாள். நான் ஏறிச் சுரண்டினேன். நாங்கள் பூசிய பூச்சும் எழுத்தோடு பெயர்ந்தது. நீலத் துகள் என் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. கடைசியில் சிலுவைக்கு வந்தபோது கை நின்றது உண்மை. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துக் கும்பிட்ட கை. பிறகு அதையும் சுரண்டி, புதுப் பூச்சு பூசி, காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தேன். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

அதிகாரி மறுபடி வந்தார், உள்ளே அம்மன் படத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். செல்விக்குச் சான்றிதழ் கிடைத்தது. இடமும் கிடைத்தது.

எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். முகாமுக்கு வந்திருந்த பிள்ளை ஒன்று, அந்தப் பக்கம் போனபோது நான் ஏணியில் நின்றதைப் பார்த்துச் சொல்லி அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. சபைக் கமிட்டியைக் கூட்டினார்கள். அண்ணன் எழுந்து, "என் தம்பிதான், ஆனா வசனத்து மேல கரண வச்ச கை" என்று மட்டும் சொன்னார். குரல் உடைந்தது. அந்த உடைந்த குரல்தான் என்னை முடித்தது. கத்தியிருந்தால் யாராவது எனக்காகப் பேசியிருப்பார்கள். ஏன் சுரண்டினேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தபோது, "விளக்கம் வேண்டாம், ஜெபிப்போம்" என்றார் போதகர். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். வாலிபர் ஐக்கியத்திலிருந்து என்னை நீக்கினார்கள். நம் கல்லூரி ஒன்றில் எனக்கு வரவிருந்த விரிவுரையாளர் வேலைக்குப் போதகரின் நற்சான்று வேண்டியிருந்தது. அது வரவில்லை.

அதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். என் அப்பா பள்ளி ஆசிரியர். ஞாயிறு முதல் ஆராதனையில் வேதத்திலிருந்து இரண்டாம் பாடம் வாசிப்பவர். சனிக்கிழமை மாலை அதைச் சத்தமாக வாசித்துப் பழகுவார்; அம்மா அடுப்படியிலிருந்து உச்சரிப்பைத் திருத்துவார். கமிட்டிக்குப் பிறகு அவரை வாசிக்க அழைக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை; கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை வந்தால் வேதத்தை எடுத்து வாய்க்குள் படிப்பார். சாகும்வரை அப்படித்தான்.

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம், என் அக்கா மகன் முகாமுக்குப் போய்விட்டு வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் கதை சொல்ல ஆரம்பித்தான். "மாமா, எபி அங்கிள் ஒரு ஸ்டோரி சொன்னாரு, செம. ஒரு வீட்ல வசனம் எழுதினாங்களாம். பிசாசு ஒரு ஆளுக்குள்ள பூந்து, கரணய எடுத்து அத சுரண்டிடுச்சாம். ஆனா ஆண்டவர் அந்த வீட்டுப் பொண்ண உயர்த்தி கவர்மென்ட் வேல குடுத்துட்டாராம். பிசாசு தோத்துப்போச்சு!"

"பிசாசுக்கு அப்புறம் என்ன ஆச்சாம்?" என்று கேட்டேன்.

"அத சொல்லல மாமா."

"ரசம் ஊத்திக்கோ" என்றேன். அக்கா தலை நிமிரவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத் தாம்பரம் ரயில் நிலையத்தில் அவரே என் தோளைத் தொட்டார். முடி நரைத்திருந்தது. "டீ சாப்பிடுறியா?" என்றார். நடைமேடைக் கடையில் நின்றோம்.

"அப்பா தவறினப்போ வர முடியலடா. வெளியூர்ல இருந்தேன்."

அவர் வெளியூரில் இல்லை. மறுநாள் முதல் ஆராதனையில் அவரைப் பார்த்தவர்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ அன்னைக்கிச் சுரண்டினது சரிதான்டா தம்பி."

"அத சபையில சொல்லுங்க அண்ணே."

"அது முடியாது."

"ஏன்?"

"எங்க தாத்தா வேதத்துக்கு வந்தாரு. சொந்தக்காரங்க எல்லாம் விட்டுட்டாங்க. எங்கப்பாவுக்குச் சலுகை போச்சு. எனக்கும் போச்சு. எனக்குக் கீழ இருந்தவன்லாம் ஒதுக்கீட்டுல எனக்கு மேல போயி உக்காந்தான். நான் எழுந்து நின்னு குட்மார்னிங் சொல்றேன். நாங்க வெல குடுத்தோம்டா. அந்தப் பொண்ணு ஒரு வரியச் சுரண்டிட்டு எல்லாத்தையும் வாங்கிட்டுப் போச்சு. அது சரின்னு நான் மைக்குல சொன்னா, நாங்க குடுத்ததுக்கு என்ன பேரு?"

"அவ எப்பவுமே வேதத்துக்கு வரலியே அண்ணே."

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா?" டம்ளரை வைத்தார். "உங்கப்பா வாத்தியார், உங்க தாத்தாவும் வாத்தியார். உனக்கு இது புரியாது."

புரிந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை; அந்தச் சட்டம் அவர் குடும்பத்துக்குச் செய்தது அநியாயம். ஆனால் அதற்கான கணக்கைச் சட்டத்திடம் கேட்காமல் ஜல்லி உடைப்பவளின் மகளிடம் கேட்டார். அவளிடம் கிடைக்கவில்லை என்றதும் என்னிடமும் என் அப்பாவிடமும் வாங்கிக்கொண்டார். மன்னிக்கச் சொல்லித்தான் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். நான் முயன்று பார்த்தேன், முடியவில்லை. அவர் உடலுக்கு மேல் மண் போட்டபோதும் முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இது. சென்ற வருடம் என் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். கொத்தனார் உலர்ந்த செங்கல்லை அப்படியே எடுத்து வைத்தார். "ஏம்ப்பா, ஊறப்போடாத செங்கல்லு கலவையோட தண்ணியக் குடிச்சிரும், நாளைக்குச் சுவரு உன் பேரச் சொல்லியா நிக்கும்?" என்று கத்தினேன். வார்த்தை, ஏற்ற இறக்கம், கடைசியில் ஒரு இருமல் எல்லாம் அவருடையவை. மனைவி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு மனிதரை இவ்வளவு வெறுத்துக்கொண்டு அவர் குரலில் வேலை வாங்குவது கேவலமாக இருக்கிறது. ஆனாலும் சுவர் நன்றாக நிற்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு: செல்வி கிறிஸ்தவள் அல்ல. அன்றும் அல்ல, இன்றும் அல்ல. அவள் ஒதுக்கீட்டில் வேலை பார்ப்பவள். அவளைச் சபையின் முதற்பலன் என்று நீங்கள் படத்தோடு போட்டால், அவள் இடத்துக்கு ஆசைப்படுகிற எவனாவது அந்தப் பக்கத்தைக் கிழித்து மேலதிகாரிக்கு அனுப்புவான். விசாரணை வரும். அவள் பொய் சொன்னதாக எழுதுவார்கள். அம்மன் படத்தைக் காட்டிக் காட்டி அவள் மறுபடி நிரூபிக்க வேண்டும். நீங்கள் இந்தக் கட்டுரையைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் படத்தைப் போடாதீர்கள்.

இதன் கீழே என் பெயரைப் போடத்தான் ஆசைப்படுகிறேன். இத்தனை வருடம் காத்திருந்ததே அதற்குத்தான். பிசாசு புகுந்த ஆள் நான்தான், ஏன் சுரண்டினேன் என்றால் இதற்காக, என் அப்பாவை நீங்கள் காரணமில்லாமல் ஊமையாக்கினீர்கள் என்று, பெயரோடு, அச்சில். ஆனால் பழையவர்கள் சிலரைத் தவிர இன்று யாருக்கும் அந்தக் கதையில் வரும் ஆள் யார் என்று தெரியாது. அந்தப் பழையவர்கள் வாயை மூடிப் பழகியவர்கள். என் பெயரைப் போட்டால், விசாரித்துக்கொண்டு வருகிறவன் என்னிலிருந்து கிளம்பி நேரே அவள் வாசலுக்குப் போய்விடுவான். அப்பா மன்னிக்கட்டும். மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை நான் எப்போதும் கேவலமாகத்தான் நினைத்தேன். இதைக் கையெழுத்தில்லாமல், பக்கத்துத் தெருப் பெட்டியில்கூடப் போடாமல், ரயிலேறிப் பொத்தேரி வரை போய் அங்குள்ள பெட்டியில் போடப்போகிறேன்.